ஹப்புத்தளைக்கு எந்தப் பக்கம்?

பெரகல சந்தியில் மூன்று பாதைகள் கூடுகின்றன. பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாகக் கொழும்புப் பாதை ஏறி வருகிறது. வெல்லவாய, கொஸ்லந்த பக்கமிருந்து இன்னொன்று வருகிறது. மூன்றாவது பாதை ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே ஏறிப் போகிறது. மழைக்காலத்தில் பனி வந்து மூடினால் பெயர்ப்பலகைகூடத் தெரியாது. பஸ் வரும் சத்தத்தை வைத்துத்தான் எழும்ப வேண்டும். அப்படி ஓர் ஐப்பசி மாலையில், தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தம்பி வந்து பக்கத்தில் அமர்ந்தான்.

தோட்டப் பாடசாலையில் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. லீவில் வந்திருந்தான். இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு, போனைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். இடப்பக்கம் ஒரு வேத வசனம், வலப்பக்கம் அதற்கு எதிராக நிற்கும் இன்னொரு வசனம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு. எல்லாமே கடவுளின் நியாயத்தீர்ப்பைப் பற்றியவை.

“ஒரே புத்தகந்தானே மாஸ்டர்? இங்க ஒண்ணு சொல்லுது, அங்க வேற சொல்லுது. எதை நம்புறது?”

வாதாடி வெல்வதற்காக அவன் இதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தச் சந்தியிலிருந்து வெல்லவாயப் பாதையில் இறங்கினால் கொஸ்லந்த. அதற்கு மேலே மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை, மலை அப்படியே இறங்கித் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றவர்களும் இல்லை. இவனுடைய அத்தை குடும்பம் அங்கேதான் இருந்தது. சில நாள் கழித்து ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், வேதத்தை விரித்து, அங்கிருந்தவர்களின் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தீர்ப்பு இது என்று சொல்லியிருக்கிறார். பத்து வயதுப் பையன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தப் பட்டியல் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

நான் போதகர் இல்லை. ஆனால் இந்த வசனங்களோடு நாற்பது வருடமாகக் கூடவே இருந்தவன். அவனுக்குச் சொன்னதை ஆற அமர இங்கே எழுதுகிறேன். அவனைப் போல மனதுக்குள் பட்டியல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் அவனிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். “ஹப்புத்தளைக்கு இந்தச் சந்தியில எந்தப் பக்கம் திரும்பணும்?”

அவன் யோசித்தான். “எங்க இருந்து வர்றோங்கிறதப் பொறுத்து. கொழும்புல இருந்து வந்தா இடப்பக்கம். வெல்லவாயல இருந்து வந்தா வலப்பக்கம்.”

இந்த இரண்டு பதிலையும் ஒரு கொப்பியில் அடுத்தடுத்து எழுதி, யாரிடம் சொன்னது என்பதை அழித்துவிட்டால், அப்பட்டமான முரண்பாடு. ஒன்று சரியென்றால் மற்றது பொய். ஆனால் சந்தியில் நிற்பவனுக்கு இரண்டும் சரி. கொழும்பு பஸ்காரனுக்குச் சொன்னதை வெல்லவாய பஸ்காரனிடம் சொன்னால்தான் வண்டி வழி தவறும். வேதத்தில் தீர்ப்பைப் பற்றிப் பேசும் வசனங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், அவர் அப்போது எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அவனுடைய பட்டியலில் முதலில் நின்றது, தகப்பன் பாவம் பிள்ளைக்கு வருமா என்பது. யாத்திராகமம் 20:5, தகப்பன்மாரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்கிறது. எசேக்கியேல் 18:20, மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமக்க மாட்டான் என்கிறது. இதைவிட நேரடியான மோதல் வேண்டுமா?

மூன்றாம் நான்காம் தலைமுறை என்பது என்ன என்று லயத்தில் பிறந்தவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதற்குள் தாத்தா, அப்பா, மகன், பேரப்பிள்ளை. பழைய இஸ்ரவேலிலும் ஒரு குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அந்த மூன்று நான்கு தலைமுறைதான். வீட்டுத் தலைவன் தவறினால் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர் எல்லோரும் அதில் நனைவார்கள். தகப்பன் குடித்துக் கடையில் கடன் வைத்தால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வேலைக்குப் போவது பிள்ளை. அந்தப் பிள்ளை குடிக்கவில்லை. ஆனால் சுமக்கிறது. யாத்திராகமம் பெரியவர்களை நிறுத்தி வைத்து எச்சரிக்கிறது: நீ செய்வது உன்னோடு முடியாது. அடுத்த வசனத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும். தண்டனைக்கு மூன்று நான்கு தலைமுறை என்றால், இரக்கத்துக்கு ஆயிரம் என்று அங்கே கணக்கு வருகிறது.

எசேக்கியேல் நிற்கும் இடம் வேறு. கிறிஸ்துவுக்கு முன் 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவரைச் சுற்றி இருந்தவர்கள், முந்திய தலைமுறை செய்த பிழைக்கு ஊரையும் நிலத்தையும் இழந்தவர்கள். அவர்களிடையே ஒரு பழமொழி ஓடியது: பெரியவர்கள் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பல் கூசுவது பிள்ளைகளுக்கு. எங்கள் தலையெழுத்து முடிந்துவிட்டது, இனி நாங்கள் எப்படி வாழ்ந்தாலும் ஒன்றுதான் என்ற மனச்சோர்வு அதில் இருந்தது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எசேக்கியேல் சொன்னார்: அந்தப் பழமொழியை இனிச் சொல்லாதீர்கள், உங்கள் கணக்கு உங்களோடு.

ஆக, ஒரு வசனம் தகப்பனுக்கு, மற்றது பிள்ளைக்கு. தகப்பனுக்குரியதைப் பிள்ளையிடம் சொன்னால் அது கொடுமை. பிள்ளைக்குரியதைத் தகப்பனிடம் சொன்னால் அவன் கவலையில்லாமல் குடிப்பான்.

இதில் இன்னொன்றும் உண்டு. விளைவு வேறு, குற்றம் வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். கடைசியில் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இடையில் 55 வருடம். அதற்குள் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் யார் என்ன குற்றம் செய்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் சுமந்தார்கள். ஒரு தலைமுறையின் அநியாயம் பேரப்பிள்ளைகள் வரை இறங்கும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. சுமப்பதாலேயே சுமப்பவன் குற்றவாளி ஆகிவிடமாட்டான் என்பதற்கும் இந்த மலையே சாட்சி. உபாகமம் 24:16 நீதிமன்றத்துக்கு இட்ட கட்டளையும் அதுதான்: தகப்பனுக்காகப் பிள்ளையையோ பிள்ளைக்காகத் தகப்பனையோ கொல்லாதே. யூதாவின் ராஜா அமத்சியா, தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான் என்றும், இந்தச் சட்டத்துக்காகவே விட்டான் என்றும் இரண்டாம் ராஜாக்கள் 14ஆம் அதிகாரம் எழுதி வைத்திருக்கிறது.

அடுத்தது, தீர்ப்புச் செய்யலாமா கூடாதா என்பது. மத்தேயு 7:1 கூடாது என்கிறது. யோவான் 7:24 நீதியாகச் செய்யுங்கள் என்கிறது. யோவான் 3:17, மகன் உலகத்தைத் தீர்க்க வரவில்லை என்கிறது. 5:22 தீர்ப்பு முழுவதும் மகன் கையில் என்கிறது. 9:39 நியாயத்தீர்ப்புக்காகவே வந்தேன் என்று இயேசுவே சொல்வதாகக் காட்டுகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிரேக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: கிரீனோ. அந்த ஒரே வினைக்குப் பிரித்துப் பார்ப்பது, முடிவு செய்வது, விசாரிப்பது, தண்டனைக்கு உள்ளாக்குவது என்று பல பொருள். நம் பேச்சில் ‘தீர்ப்பது’ என்ற சொல்லும் இதைப் போன்றது. கணக்கைத் தீர்க்கலாம், பசியைத் தீர்க்கலாம், வழக்கைத் தீர்க்கலாம், ஆளையும் தீர்த்துக்கட்டலாம். எந்த இடத்தில் எது என்று கூட வரும் சொற்கள்தான் சொல்லும்.

நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் சந்தோசமான விசயம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுமை பெற்று, இன்றும் புரட்டஸ்தாந்து சபைகள் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். மத்தேயு 7:1இல் அவர்கள் ‘தீர்ப்புச் செய்யாதே’ என்று வெறுமனே விடவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பதைத்தான் அந்த வசனம் தடுக்கிறது என்று தெரியும்படி எழுதினார்கள். யோவான் 3:17இல் ‘ஆக்கினை’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ஆக்கினை என்றால் தண்டனை. கிரேக்கத்தில் அங்கேயும் அதே கிரீனோதான். அப்படியென்றால் பொருள் தெளிவு: அவர் தண்டிக்கவென்று புறப்பட்டு வரவில்லை, ஆனால் வெளிச்சம் வந்தால் இருட்டும் வெளிச்சமும் பிரிவதைத் தடுக்க முடியாது. ஒரு தகரக் கூரை வீட்டுக்குள் விளக்கைக் கொண்டுபோனால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். விளக்கு ஓட்டையைப் போடுவதற்காக வரவில்லை.

மத்தேயு 7ஐயும் ஐந்தாம் வசனம் வரை வாசித்தால் போதும். முதலில் உன் கண்ணில் இருக்கும் மரத்துண்டை எடு, பிறகு தெளிவாகப் பார்த்து மற்றவன் கண்ணில் இருக்கும் துரும்பை எடு என்று அது முடிகிறது. கடைசியில் துரும்பை எடுக்கத்தான் சொல்கிறது. ஆக, தடுக்கப்பட்டது நல்லது கெட்டது பிரித்தறிவதல்ல. தன்னை விசாரிக்காமல் அடுத்தவனுக்குத் தண்டனை எழுதுவது.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவன் மூன்றாவதைக் காட்டினான். கடவுள் மனம் மாறுவாரா? சாமுவேலின் முதல் புத்தகம் 15ஆம் அதிகாரம் ஒன்றுக்குள்ளேயே இரண்டும் இருக்கிறது. 11ஆம் வசனத்திலும் 35ஆம் வசனத்திலும் சவுலை ராஜாவாக்கியதற்காகக் கடவுள் மனம் வருந்தினார். நடுவில் 29ஆம் வசனத்தில், மனம் மாற அவர் மனிதர் அல்ல என்கிறார் சாமுவேல். எபிரேயத்தில் மூன்று இடத்திலும் ஒரே சொல். எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒரே அதிகாரத்துக்குள் தெரிந்தே வைத்திருக்கிறார். 29ஆம் வசனம் சொல்லப்பட்டது சவுலிடம். அவன் சாமுவேலின் சால்வையைப் பிடித்து இழுத்து, தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளப் பேரம் பேசுகிறான். பேரத்துக்கு அவர் மாறமாட்டார் என்பதே அந்தப் பதில். மற்ற இரண்டும் கடவுளின் துக்கத்தைச் சொல்கின்றன.

யோனாவின் கதை இன்னும் தெளிவானது. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று அறிவித்தார். ஊர் மனந்திரும்பியது. கவிழவில்லை. சொன்ன தீர்ப்பு நடக்கவில்லை என்று யோனாவுக்கே கோபம்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் மலைகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாயிரு. செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் வெளியேறு. சிவப்பு எச்சரிக்கை கேட்டு ஒரு லயத்துச் சனம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்து, எல்லோரும் உயிரோடு விடிந்தால், எச்சரிக்கை பொய்யாகிவிட்டது என்றா சொல்வோம்? அதற்காகத்தானே அது விடப்பட்டது. எரேமியா 18ஆம் அதிகாரம் 7 முதல் 10 வரையுள்ள வசனங்கள் இந்த விதியை வெளிப்படையாகவே வைக்கின்றன: ஒரு தேசத்தைப் பிடுங்கிப்போடுவேன் என்று சொல்லியிருந்தாலும், அது தன் தீமையை விட்டுத் திரும்பினால், சொன்னதைச் செய்யமாட்டேன். தீர்க்கதரிசிகளின் தீர்ப்பு வார்த்தைகளில் பெரும்பகுதி இந்த வகை. ஆட்கள் எழுந்து வெளியே வர வேண்டும் என்பதற்காக அடிக்கும் மணி.

இனி அவன் உண்மையில் கேட்க வந்த கேள்வி. மலை விழுந்தது தீர்ப்பா?

இதற்கு இந்த மலையிலேயே ஒரு பழைய கதை உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்த வெள்ளைக்காரர். பாதைகள் போட்டவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845 ஜூன் 7ஆம் தேதி, இங்கிருந்து மேலே ஏறினால் வரும் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்ற பாவம் வானத்திலிருந்து வந்து பிடித்தது என்று ஊர்ச் சனம் பேசியது. நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையிலும் இடி விழுந்தது என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் அதே மனிதரின் நண்பர்கள் அவர் நினைவாகப் பதுளையில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். சென் மார்க்ஸ் தேவாலயம். அவர் மின்னலில் இறந்த செய்தி அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே மின்னல். ஒரு கூட்டம் அதைத் தண்டனை என்று வாசித்தது. இன்னொரு கூட்டம் நல்ல மனிதரின் அகால மரணம் என்று வாசித்து ஆலயம் எழுப்பியது. மின்னல் தன்மேல் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. வாசித்தவர்கள் தங்கள் மனதில் இருந்ததை வாசித்தார்கள்.

நமக்குப் பிடிக்காதவர்கள் செத்தால் தீர்ப்பு, நம்மவர்கள் செத்தால் சோதனை. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, சுனாமி வந்தபோது வேளாங்கண்ணி ஆலயம் தப்பியது. ஆலயத்துக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆலயம் தப்பியதை அற்புதம் என்று சொல்பவர், அந்த யாத்திரிகர்களின் தாய்மாரிடம் என்ன சொல்வார்? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், மூன்றிலும் குண்டு வெடித்தது. மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். சாவைப் பார்த்துப் பாவத்தைக் கணக்கிடும் எவரும் அந்த வாசலில் வாய் திறக்க முடியாது.

இயேசுவிடம் இதே கேள்வி வந்திருக்கிறது. லூக்கா 13ஆம் அதிகாரம். சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும் விட அவர்கள் பாவிகளோ என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்று பதில் சொல்கிறார். யோவான் 9இல், பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார்.

தம்பியிடம் இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுகேள்வி இருந்தது. “அப்ப உபாகமம் 28ல கீழ்ப்படியாட்டா இன்னின்ன சாபம் வரும்னு வரிசையா இருக்கே? யோவான் 5:14ல இனிப் பாவம் செய்யாதேன்னு இயேசுவே சொல்றாரே, இதைவிட மோசமா வரும்னு?”

ஆமாம், இருக்கிறது. செய்கைக்கும் விளைவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று வேதம் நிச்சயமாகச் சொல்கிறது. ஆனால் அது முன்னோக்கிப் போகும் பாதை: இப்படி நடந்தால் இங்கே போய்ச் சேர்வாய் என்று நடக்கிறவனை எச்சரிப்பது. அதே பாதையில் பின்னோக்கி நடந்து, இங்கே விழுந்து கிடக்கிறாயே, அப்படியென்றால் நீ அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு அனுமதி இல்லை. நெருப்பில் கை வைத்தால் சுடும். கையில் காயம் இருக்கிறவர் எல்லோரும் நெருப்பில் கை வைத்தவர்கள் அல்ல. யோபுவின் நண்பர்கள் செய்த பிழை இதுதான். அவர்கள் சொன்ன பொதுநீதிகள் பல சரியானவை. அவற்றைத் தவறான மனிதன்மேல் வைத்தார்கள். யோபு 42:7இல் கடவுளின் கோபம் யோபுவின்மேல் விழவில்லை. கடவுள் சார்பாகப் பேசுவதாக நினைத்த அந்த நண்பர்கள்மேல் விழுந்தது.

எல்லா முடிச்சும் இப்படி அவிழும் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. சவுலைப் பற்றிப் பேசினோமே, அதே அதிகாரம் அமலேக்கியரின் குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் கட்டளையோடு தொடங்குகிறது. அதை மெழுகிப் பூசிச் சொன்னால் அவன் என்னை நம்பமாட்டான், நம்பவும் கூடாது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு. உரோமைச் சபை 144இல் அவரை விலக்கியது. அந்தச் சுலப வழி உண்மையில் ஓடவும் ஓடாது. நரகத்தைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் அதிகம் பேசுபவர் இயேசு. கடவுளின் இரக்கத்தை வானத்தின் உயரத்துக்கு அளந்து காட்டுவது பழைய ஏற்பாட்டின் 103ஆம் சங்கீதம். கண்டிப்பும் இரக்கமும் இரண்டு புத்தகமாகப் பிரியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கலந்தே கிடக்கின்றன. கடினமான வசனத்தைக் கடினம் என்று ஒப்புக்கொண்டு கையில் வைத்திருப்பதும் விசுவாசந்தான்.

அப்படியென்றால் தீர்ப்பு வசனங்களுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அவை யாருக்கு எழுதப்பட்டன என்று பாருங்கள். நாத்தான் விரல் நீட்டியது தாவீது ராஜாவை நோக்கி. எலியா போய் நின்றது, நாபோத்தைக் கொன்று அவன் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொண்ட ஆகாப் ராஜாவின் முன்னால். ஆமோஸ் 8:5 கள்ளத் தராசு வைக்கிறவனைப் பிடிக்கிறது. மழையில் நனைந்த கூடையோடு வரிசையில் நின்று, தன் கொழுந்தில் எத்தனை கிலோ தண்ணிக்கென்று கழியப் போகிறதோ என்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் பிள்ளைக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. யாக்கோபு 5:4, வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்கில் ரோட்டில் நின்று, 2021இல்தான் அதைப் பெற்ற சனத்துக்கு அந்தக் கூக்குரலின் சத்தம் தெரியும்.

தீர்ப்பு வார்த்தை பெரும்பாலும் மேலே இருப்பவனை நோக்கித்தான் ஏறுகிறது. அதைத் திருப்பிக் கீழே மண்ணுக்குள் கிடப்பவன்மேல் போடுவது, கொழும்பு பஸ்ஸுக்குச் சொன்ன வழியை வெல்லவாய பஸ்ஸுக்குச் சொல்வது.

மீரியபெத்தயில் நடந்ததையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த மலை ஆபத்தானது, சனங்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. 2014இல் மலை இறங்கியபோது அவர்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். தப்பியவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து, 2016இல்தான் புது வீட்டைக் கண்டார்கள். 2023 மார்ச்சில் பக்கத்திலுள்ள பூணாகலை மலையும் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் பல இடங்களில் விழுந்தன. இங்கே கடவுளின் விசாரணை ஒன்று இருக்குமானால், அதில் அழைக்கப்படுவது செத்தவர்கள் அல்ல. எச்சரிக்கை காகிதத்தில் இருந்த அந்த ஒன்பது வருடமும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று உயிரோடு இருக்கிற நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

லூக்கா 13இல் இயேசு பேச்சை முடிக்கும் விதமும் இதுதான். செத்தவர்களை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, மனந்திரும்புங்கள் என்கிறார். உடனே ஓர் அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார். மூன்று வருடமாகக் காய்க்காத மரம். வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் தோட்டக்காரன். தீர்ப்பும் தவணையும் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. தவணை கொடுக்கப்பட்டது கொத்துவதற்கும் எருப்போடுவதற்கும்.

பனிக்குள்ளிருந்து பஸ் சத்தம் கேட்டது. தம்பி போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். “அப்ப அன்னைக்கு வந்தவரு எங்கக்கிட்ட என்ன சொல்லியிருக்கணும் மாஸ்டர்?”

அதற்கும் யோபுவின் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அந்த நண்பர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். யோபுவின் துக்கம் மிகப் பெரியது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

வேதம் கையில் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மண் சரிந்த வீட்டுக்குப் போகும்போது முதலில் பாய், அரிசி, பிள்ளைகளுக்குக் கொப்பி கொண்டு போங்கள். போய் அவர்களோடு தரையில் உட்காருங்கள். அடுத்த மழைக்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பான நிலம் கிடைக்க, கேட்க வேண்டிய இடத்தில் உரக்கக் கேளுங்கள். தீர்ப்பு வசனங்களைத் திறக்க வேண்டியது அந்த இடத்தில்.